சிங்கப்பூரில் தம்பி, ஊரில் வரிக் கணக்கு

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவர்களுடைய பேரன்கள் இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். போவதற்கு முன்னால் ஏஜென்ட் கமிஷன் பற்றிப் பேசுவோம். எந்த நகையை அடகு வைப்பது என்று பேசுவோம். போன பிறகு மாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்று பேசுவோம். வரிக் கணக்கைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டோம். "வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்தப் பேச்சு முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கில்தான் நிலம், வங்கிக் கணக்கு, பத்திரம் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன.

நான் புது ஆற்றுப் பாசனத்தில் 12 மா நஞ்சை வைத்திருப்பவன். என் தம்பி 2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதி எஸ் பாஸ் விசாவில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அன்றிலிருந்து அவனுடைய பான் கார்டு நகல், வங்கிப் பாஸ்புக், பத்திரம், பட்டா எல்லாம் என் பீரோவில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் தஞ்சாவூரில் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்து அவன் கணக்கை முடிப்பது என் வேலை. இந்த வருஷங்களில் கற்றுக்கொண்டதை, பிள்ளையையோ தம்பியையோ வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

மூன்று வருஷங்கள்

முதலில் பிடிபட வேண்டியது வருஷம் எங்கே தொடங்குகிறது என்பது. வி.ஏ.ஓ. அடங்கல் எழுதுவது பசலிக் கணக்கில். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். இந்திய வருமான வரிக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சிங்கப்பூர் வரிக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒரே ஆள், ஒரே உழைப்பு, மூன்று வருஷக் கணக்கு. தை மாதம் அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல் எந்தக் கணக்கில் எந்த வருஷத்தில் வருகிறது என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியக் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நாள் எண்ணிக்கை. வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால் அந்த வருஷத்துக்கு அவர் வெளிநாடுவாழ் இந்தியர். அவருடைய வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. 182 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டால் அவர் உள்நாட்டுவாசி. வெளிநாட்டில் வாங்கிய சம்பளமும் இங்கே கணக்கில் வரும்.

என் தம்பிக்கு எண்ணிப் பார்த்தோம். ஏப்ரலில் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டில் 14. மொத்தம் 136 நாள். முதல் வருஷமே தப்பித்தான். என் அக்கா மகன் 2022 நவம்பர் 10-ஆம் தேதி போனான். அவனுக்கு 224 நாள் ஆகிவிட்டது. அந்த நவம்பரிலிருந்து மார்ச் வரை சிங்கப்பூரில் வாங்கிய சம்பளத்தை இங்கே ரிட்டர்னில் காட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவும் சிங்கப்பூரும் 1994-இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதனால் அந்தச் சம்பளத்துக்கு அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொண்டார்கள். ஆனால் நம் நாட்டு வரி விகிதம் அதிகம். வித்தியாசத்தை இங்கே கட்டினான்.

கணக்கு இதுதான்: ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருப்பவர் செப்டம்பர் 28-ஆம் தேதிக்குள் விமானம் ஏறினால் 181 நாள். 29-ஆம் தேதி ஏறினால் 182. அதற்காக நல்ல வேலையை யாரும் தள்ளிப்போட வேண்டாம். எந்தத் தேதியில் போனோம் என்பது வரியில் என்ன செய்யும் என்று தெரிந்து போனால் போதும். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்த 182 நாள் கணக்கு மாறவில்லை.

சிங்கப்பூர்ப் பக்கம்

அங்கே ஒரு காலண்டர் வருஷத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இருந்து வேலை பார்த்தால் வரிக்கு உள்நாட்டுவாசி. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5 சதவீதம். மாதம் 3,200 வெள்ளி சம்பளம் என்றால் வருஷத்துக்கு 38,400. அதில் உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக 37,400. வரி 459 வெள்ளி. நம் காசில் ஏறத்தாழ 30 ஆயிரம் ரூபாய். இதே சம்பளத்துக்கு உள்நாட்டுவாசி அல்லாதவர் என்று கணக்கிட்டால் 15 சதவீதம், அதாவது 5,760 வெள்ளி. கட்டட வேலையில் மாதம் ஆயிரம் வெள்ளி வாங்கும் பிள்ளைகள் வருஷம் முழுக்க வேலை பார்த்தால் 20,000-க்குள் இருப்பதால் அவர்களுக்கு வரியே வராது.

ஊரில் இருக்கும் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இதில் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விடும்போதோ, வேறு கம்பெனிக்கு மாறும்போதோ, முதலாளி குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அந்நாட்டு வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து அந்த ஆளுக்குத் தரவேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வரித்துறை கணக்கை முடித்துச் சொன்ன பிறகோ, 30 நாள் கழித்தோதான் பணம் கைக்கு வரும். முதலாளி ஏமாற்றுகிறார் என்று நினைக்கக் கூடாது. சட்டமே அப்படி.

2023 அக்டோபரில் தம்பி கம்பெனி மாறினான். முந்தின மாதமே போனில் சொல்லிவிட்டான்: "அண்ணே, கடைசிச் சம்பளத்த நிறுத்தி வச்சுத்தான் குடுப்பாங்க. சம்பா நடவுக்கு என் பணத்த நம்பாதீங்க, வேற வழி பாருங்க." நடவு ஆளுக்கும் அடியுரத்துக்கும் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் போட்டு ஓட்டினேன். அவன் பணம் வந்து சேர்ந்தபோது முதல் களையே முடிந்திருந்தது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நாற்று முற்றிப் போயிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வேலை மாறப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் சம்பளத் தேதியை நம்பித்தான் இங்கே நாற்று விட்டிருப்பார்கள்.

வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. துபாயிலும் சவூதியிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஓமனில் 2028 ஜனவரி முதல் வரப்போகிறது. அதுவும் வருஷ வருமானம் 42,000 ரியாலுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான், 5 சதவீதம். நம் பக்கத்துத் தொழிலாளிகளை அது தொடாது.

பாஸ்புக்கை மாற்றுங்கள்

வேலைக்காக வெளிநாடு போனவுடன், இங்கே உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அன்னியச் செலாவணி விதி அது. இங்கே கிடைக்கும் நெல் பணம், வாடகை எல்லாம் அதில் வரவாகலாம். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறக்கலாம். என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கு வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் வங்கியே பிடித்துவிடும். மொத்த இந்திய வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். போடாவிட்டால் போனது போனதுதான்.

பான் எண் விஷயமும் இருக்கிறது. 2023 ஜூலைக்குப் பிறகு, ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் செயலிழந்தன. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வருமான வரித் தளத்தில் தங்கள் நிலையை மாற்றிப் பதியாதவர்களின் எண்ணும் சேர்ந்து முடங்கியது. முடங்கினால் பிடித்தம் கூடும், ரீஃபண்டும் வராது.

தம்பியின் பழைய செல் நம்பர் இன்றும் என் வீட்டில் ஒரு பட்டன் போனில் உயிரோடு இருக்கிறது. ஓ.டி.பி. வருவது அதற்குத்தான். ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வதும் எனக்கு ஒரு வேலை.

நஞ்சை யார் பேரில்?

எங்கள் அப்பா தான் வாங்கிய நிலத்தை உயிரோடு இருக்கும்போதே இரண்டு பேருக்கும் செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று 2020-இல் ஆரம்பித்தார். ஆடிட்டர்தான் நிறுத்தினார். வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வீட்டு மனையோ வீடோ என்றால் வாங்கலாம், உறவினரிடமிருந்து தானமாகவும் பெறலாம். விவசாய நிலம் அவர் பேருக்கு வரும் வழி வாரிசு உரிமை மட்டுமே. வெளிநாடு போவதற்கு முன்பே அவர் பேரில் இருந்த நிலத்தை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

அப்பா அன்றைக்கு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அவன் என் புள்ள இல்லையா?" என்று கேட்டார். "புள்ளதான் ஐயா. செட்டில்மென்டுக்குப் பதிலா உயில் எழுதுங்க, அவ்வளவுதான்" என்றார் ஆடிட்டர். என் பங்குக்குச் செட்டில்மென்ட், தம்பி பங்குக்குப் பதிவு செய்த உயில் என்று முடித்தோம். அடுத்த வருஷம் அப்பா தவறினார். உயிலை வைத்துத் தம்பி பேருக்கு 6 மா பட்டா மாறியது. அந்த நிலத்தையும் நான்தான் சாகுபடி செய்கிறேன்.

சிங்கப்பூர்ப் பணத்தில் நிலம் வாங்க நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பேரில் நஞ்சை கிரயம் செய்யாதீர்கள். அன்னியச் செலாவணிச் சட்டத்தில் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். பிள்ளை அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு எவ்வளவானாலும் அப்பாவுக்கு வரி கிடையாது. அது நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்பு. அந்தப் பணத்தில் அப்பா தன் பேரில் நிலம் வாங்கலாம். பணம் வங்கி வழியாக வந்ததற்குச் சான்று மட்டும் இருக்க வேண்டும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்ற சலுகை வெளிநாட்டில் இருப்பவருக்கும் உண்டு. தம்பி பங்கு நெல் பணத்துக்குக் கொள்முதல் நிலைய ரசீது, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைக்கிறேன். "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று யார் கேட்டாலும் அதுதான் பதில். வேறு இந்திய வருமானம் வரி வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், விகிதம் கணக்கிட இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

பி.எம். கிசான் 6,000 ரூபாய் வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. தம்பி பங்குக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. என் பங்குக்கு எனக்கு வருகிறது. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். அதனால் பெரிய பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்பதற்காக அப்பா பேரில் உள்ள நிலத்துக்கு வரும் தொகை நிற்காது.

மனை விற்ற கதை

2025 ஜனவரியில் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். தம்பி பேரில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனை இருந்தது. 2013-இல் 18 லட்சத்துக்கு வாங்கியது. 40 லட்சத்துக்கு ஆள் கிடைத்தது. சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு எனக்குப் பவர் அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். அதையும் முடித்தோம்.

பத்திரம் எழுதுபவர் ஒருவர், "50 லட்சத்துக்குக் கீழதானே, வரிப் பிடித்தமே கிடையாது" என்று அடித்துச் சொன்னார். அந்த விதி விற்பவர் உள்நாட்டில் இருந்தால்தான். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 50 லட்சம் வரம்பு கிடையாது. வாங்குபவர் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். வாங்க வந்தவர் விவரமானவர், பிடித்தே தீருவேன் என்றார். நியாயம்தான்.

நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 13 சதவீதம். உண்மையில் வரி ஆதாயத்துக்கு மட்டும்தான். 22 லட்சத்துக்கு 2,86,000 ரூபாய். ஆனால் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கியிருந்தால்தான் அப்படிப் பிடிப்பார்கள். சான்று இல்லாவிட்டால் முழு விலைக்கும் பிடிப்பதே வழக்கம். 40 லட்சத்துக்கு 5,20,000. சான்று வரச் சில வாரம் ஆகும் என்றார் ஆடிட்டர். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

தம்பியிடம் கேட்டேன். "அம்மா முக்கியம்ணே. அஞ்சு லட்சம் அரசாங்கத்துக்கிட்டதானே இருக்கு, வந்துடும். பத்திரத்த முடிங்க" என்றான். முடித்தோம். ரிட்டர்ன் போட்ட பிறகு 2,34,000 ரூபாயும் வட்டியும் அவன் என்.ஆர்.ஓ. கணக்குக்குத் திரும்பியது. இடையில் இருந்த மாதங்களில் அந்த 2,34,000-க்கு வெளியில் வட்டி கட்டியது நாங்கள். அம்மா இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்கிறார். அதனால் அந்த வட்டியை நான் கணக்கில் எழுதவில்லை. அவசரம் இல்லாமல் மனை விற்பவர்கள், கிரயத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் இந்த ஆதாய வரி வராது. ஆனால் நகர எல்லையிலிருந்து தூரம் பார்ப்பார்கள். மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. தஞ்சாவூர் மாநகராட்சிக்கு 6 கிலோமீட்டர் கணக்கு. நேர்கோட்டுத் தூரம்தான், ரோட்டுத் தூரம் அல்ல.

அமெரிக்கா போன பிள்ளைகள்

ஹெச்-1பி விசாவில் போனவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். அமெரிக்க வரிக்கு உள்நாட்டுவாசி ஆனவுடன் உலகத்தில் எங்கே வந்த வருமானமானாலும் அங்கே காட்ட வேண்டும். இங்கே வரி இல்லாத நெல் பணமும் அதில் சேரும். இந்தியாவில் உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அந்தக் கணக்குகளைத் தனி அறிக்கையில் தெரிவிக்க வேண்டும். அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கும் அதில் அடங்கும். வசதிக்காக மகளின் பேரையும் பாஸ்புக்கில் சேர்த்து வைத்திருக்கும் அப்பாக்கள், அதை மகளிடம் சொல்லிவிடுங்கள். நிலம் விற்ற பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. இந்தியா 2017 முதலும் சிங்கப்பூர் 2018 முதலும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. அக்கா மகன் உள்நாட்டுவாசியாக இருந்த அந்த ஒரு வருஷத்துக்கு, சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் அதற்கான அட்டவணையில் காட்டினான். காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. வங்கிக் கணக்கு போன்றவை மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அந்த அபராதம் வேண்டாம் என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. திரும்பி ஊரோடு வந்துவிடுபவர்களும் இதே நாள் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

நான் வைத்திருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் ஐந்து விஷயம் எழுதுகிறேன். தம்பி ஊருக்கு வந்த தேதியும் போன தேதியும். அனுப்பிய பணமும் எந்தக் கணக்குக்கு என்பதும். அவன் பங்கு நெல் எத்தனை மூட்டை, என்ன தொகை என்பது. வங்கி பிடித்த வரி. ஒவ்வொரு வருஷமும் அவன் அனுப்பும் சிங்கப்பூர் வரி நோட்டீஸின் தொகை. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, புது ஆற்றில் தண்ணீர் வந்து நாம் நாற்றங்காலுக்கு ஓடும் நேரம்தான் ரிட்டர்ன் போடும் நேரமும். அதனால் கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போதே நோட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய் வந்துவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படி ஒரு நோட்டு போடுங்கள். அவரவர் கணக்கு அவரவர் சூழ்நிலைக்கு மாறும் என்பதால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.